டயர் பிறந்ததே சத்தத்தைக் குறைக்கத்தான்

சில மாதங்களுக்கு முன் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு கேள்வி போட்டது சிலருக்கு நினைவிருக்கலாம். "காருக்கு நாலு டயரும் மாற்ற வேண்டும், சத்தம் குறைவாக, அலுங்காமல் ஓடும் டயர் எது?" என்று கேட்டிருந்தேன். அரை மணி நேரத்தில் இருபதுக்கு மேல் பதில்கள் வந்துவிட்டன. எந்த டயர் அதிக கிலோமீட்டர் உழைக்கும், எது விலை குறைவு, எந்தக் கடையில் அலைன்மென்ட் இலவசம் என்று எல்லாம் வந்தது. சத்தத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அதற்கு முந்தைய தடவை டயர் வாங்கப் போனபோது நானும் கடையில் கிலோமீட்டரைத்தான் கேட்டேன். நமக்கு ஏன் அந்தக் கேள்வியே முதலில் தோன்றுகிறது என்று தேடிப் படித்ததில் கிடைத்ததை இந்த இதழுக்கு எழுதித் தருகிறேன்.

முதலில் என் கதை. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, காதில் மெஷின் வைத்திருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்கு டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். வண்டி சின்ன எஸ்.யு.வி.தான். கம்பெனியிலிருந்து வந்த டயர் தேய்ந்ததும், கடைக்காரர் பேச்சைக் கேட்டு, கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த முரட்டு டயர் போட்டேன். "லாரி டயர் மாதிரி உழைக்கும் அண்ணாச்சி" என்றார். உழைத்தது, பொய் இல்லை. ஆனால் எட்டயபுரம் தாண்டி வண்டி எண்பதைத் தொட்டதும் உள்ளே ஒரே ரீங்காரம். காது மெஷின் பேச்சை மட்டுமா பெரிதாக்கும், ரீங்காரத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். அம்மா அதைக் கழற்றிக் கையில் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். மதுரை வரை இரண்டரை மணி நேரம், ஒரு வார்த்தை பேச முடியாது. வீட்டில் ஆளுக்கொரு வேலை. நாங்கள் இருவரும் தனியாக உட்காருவதே அந்தக் காரில்தான்.

காற்று அடைத்த சக்கரத்துக்கு முதன்முதலில் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஆண்டு 1845. கார் என்ற ஒன்றே இல்லாத காலம். அவர் மனதில் இருந்தது குதிரை வண்டி. ரப்பர் பூசிய துணிக்குழாயில் காற்றை நிரப்பி, மேலே தோல் உறை தைத்து, மரச் சக்கரத்தில் பொருத்தினார். எதற்காக என்பதற்கு அவர் காப்புரிமையில் எழுதிய காரணங்கள் மூன்று: வண்டியை இழுக்கும் பாரம் குறைய வேண்டும், ஓட்டம் அலுங்காமல் இருக்க வேண்டும், சக்கரத்தின் சத்தம் அடங்க வேண்டும். எத்தனை மைல் உழைக்கும் என்பது அந்த மூன்றில் இல்லை. லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் ஓட்டியும் காட்டினார். பார்த்தவர்கள் வியந்தார்கள், வாங்கத்தான் ஆள் இல்லை. நல்ல ரப்பர் அப்போது விலை அதிகம்; தோல் தைக்கிற வேலையும் லேசுப்பட்டதல்ல.

அந்தச் சத்தம் எப்படிப்பட்டது என்று நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மரவட்டையைச் சுற்றி இரும்புப் பட்டை போட்ட மாட்டு வண்டி கல் ரோட்டில் வந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். உப்பு மூட்டையோ பருத்திப் பொதியோ ஏற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். பிற்காலத்தில் ரப்பர் சக்கரம் மாட்டிய வண்டி வந்தபோது அதற்கு ஜனங்கள் வைத்த பெயரே 'டயர் வண்டி'. மாட்டுக்கும் இதம், ரோட்டுக்கும் இதம்.

தாம்சனை உலகம் மறந்து நாற்பது வருஷம் கழித்து, பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற மாட்டு வைத்தியர், தன் சின்ன மகன் மூன்று சக்கர சைக்கிளில் கல் பாவிய தெருவில் தடதடவென்று போவதைப் பார்த்தார். கெட்டி ரப்பர் சக்கரம். பையனுக்கு உடம்பெல்லாம் குலுங்கும். ரப்பர் குழாயில் காற்றடித்துச் சக்கரத்தில் கட்டிப் பார்த்தார். 1888-ல் காப்புரிமை கிடைத்தது. தாம்சனுடைய பழைய காப்புரிமை கண்டெடுக்கப்பட்டதும் 1890-ல் அது செல்லாமல் போனது வேறு விஷயம். அதற்குள் சைக்கிள் பந்தயங்களில் காற்று டயர் ஜெயிக்கத் தொடங்கிவிட்டது. அலுங்காமல் போகப் பிறந்த பொருள் அன்றிலிருந்து வேகத்தைச் சொல்லி விற்பனையானது. சைக்கிளுக்குப் பின்னால் கார் வந்தது, உலகத்துக்கு ரப்பர் பசி எடுத்தது.

இங்கேதான் தூத்துக்குடி வருகிறது. 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றுப் பக்கமிருந்து சுமார் எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவற்றில் பெரும்பகுதி அதே ஆண்டில் கப்பலேறி இலங்கைக்கு வந்து, கொழும்புக்கு வடக்கே கம்பகா பக்கம் ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்டன. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்ததும் அதே 1876-ல்தான். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் முப்பது வருஷத்தில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டன. இலங்கையில் காப்பியை நோய் தின்று தீர்த்த பிறகு தேயிலையும், 1900-க்குப் பின் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கங்களில் ரப்பரும் பரவின. தோட்ட வேலைக்குக் கங்காணிகள் நம் மாவட்டங்களில் ஆள் சேர்த்தார்கள். ஒரு வழி, இந்த ரயிலில் வந்து நம் துறைமுகத்தில் கொழும்புக் கப்பல் ஏறுவது. தூத்துக்குடிக்குச் சற்று முன்னால் இருக்கும் தட்டப்பாறையில், நோய் பரவாமல் இருக்க அவர்களை நிறுத்திச் சோதிக்கும் முகாம் இருந்தது. இன்றைக்கு ரயிலில் போகும்போது அந்த ஸ்டேஷனை நாம் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இதே கொழும்பு வழித்தடத்துக்குத்தான். 1914-ல் தனுஷ்கோடி–தலைமன்னார் படகு வழி திறந்தபின் போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பியது.

கப்பலேறியவர்கள் கடனோடு ஏறினார்கள். கங்காணி கொடுத்த முன்பணம், பயணச் செலவு எல்லாம் அவர்கள் கணக்கில் எழுதப்பட்டது. தோட்டம் மாற வேண்டுமானால் கடன் எழுதிய 'துண்டு'ச் சீட்டும் கூடவே போகும். புதிய துரை அந்தக் கடனை அடைத்தால்தான் ஆள் விடுதலை. இந்தத் துண்டு முறை 1921-ல்தான் ஒழிந்தது. விடியுமுன் எழுந்து, மரப்பட்டையில் சாய்வாகக் கீறி, சிரட்டையில் பால் வடியவிட்டு, வெயில் ஏறுமுன் சேர்க்க வேண்டும். ஐரோப்பாவில் ஒருவர் அலுங்காமல் காரில் போவதற்குத் தேவையான ரப்பரில் இவர்கள் கையும் இருந்தது. டயர் வரலாற்றுப் புத்தகங்கள் தாம்சனுக்கும் டன்லப்புக்கும் அத்தியாயம் ஒதுக்குகின்றன. தட்டப்பாறைக்கு ஒரு வரி இருந்தால் அதிகம்.

இனி நம் நாட்டில் டயர் செய்யத் தொடங்கிய கதை. டன்லப் கம்பெனி 1936-ல் வங்காளத்தில் சாஹாகஞ்சில் ஆலை போட்டது. அன்றைய இந்தியச் சாலையில் யார் டயர் வாங்கினார்கள் என்று யோசித்தால் என் வாட்ஸ்அப் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். லாரிக்காரரும் பஸ் முதலாளியும் வாங்கினார்கள். அவர்களுக்கு டயர் என்பது தினமும் ரூபாய் தேயும் இடம். டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரைப் பக்கம் பஸ் விட்ட ஆரம்ப காலத்தில், ரோட்டில் கிடக்கும் லாட ஆணிகளைப் பொறுக்கக் காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓடவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். பஞ்சர் என்றால் நஷ்டம். பயணியின் காதெல்லாம் அப்புறம். இரண்டாம் உலகப் போரில், 1942-ல், மலாயா ஜப்பான் கைக்குப் போனதும் நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய ரப்பர் வாசல் இலங்கைதான். மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று அங்கே வெட்டிப் பால் எடுத்தார்கள். தேய்ந்த டயருக்கு மேல்தோல் ஒட்டி மறுபடி ஓட்டும் ரீட்ரெடிங் நம்மிடம் பெரிய தொழிலாக வளர்ந்தது.

எம்.ஆர்.எஃப். கதையும் அந்த வழிதான். கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளின் பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் ரீட்ரெடிங் ரப்பருக்கு மாறினார். 1961-ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து டயர் செய்தார். 1964-ல் வந்த அதன் விளம்பர உருவம் எல்லோருக்கும் தெரியும்: டயரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் பயில்வான். ஒரு நாடு டயரிடம் என்ன எதிர்பார்த்தது என்பதற்கு அந்தப் படம் போதும். பாரம் தாங்கும், கிழியாது, உழைக்கும். பயில்வானிடம் போய் மெதுவாகப் பேசச் சொல்வார்களா?

இடையில் பிரான்சில் மிஷலின் கம்பெனி 1946-ல் ரேடியல் டயருக்குக் காப்புரிமை வாங்கியது. பழைய டயரில் உள்நூல்கள் குறுக்கும் மறுக்குமாக ஓடும். ரேடியலில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும், மேலே தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் இரும்புக் கம்பிப் பட்டை இருக்கும். அதனால் பக்கச் சுவர் தனியாக வளைந்து குழியை வாங்கிக்கொள்ளும், அடிப்பாகம் சூடேறாமல் நீண்ட நாள் உழைக்கும். இந்தியாவில் முதல் ரேடியலை ஜே.கே. டயர் 1977-ல் கொண்டுவந்தது. அதுவும் காருக்குள் மெல்லத்தான் நுழைந்தது. அப்போதைய அம்பாசிடரில் எஞ்சினும் கதவும் போட்ட சத்தத்தில் டயர் சத்தம் யார் காதில் விழும்?

இப்போது விழுகிறது. எஞ்சின்கள் அமைதியாகிவிட்டன, கண்ணாடி இறுக்கமாக மூடுகிறது, நாற்கரச் சாலையில் தொண்ணூறில் போகிறோம். அந்த வேகத்தில் வண்டிச் சத்தத்தில் பெரும்பங்கு டயருக்கும் தரைக்கும் நடுவில் பிறப்பதுதான். ரப்பர் கட்டைகள் வரிசையாகத் தரையை அறைகின்றன. இடையிலுள்ள பள்ளங்களில் சிக்கிய காற்று பிதுங்கி வெளியேறுகிறது. எல்லாக் கட்டையும் ஒரே அளவாக இருந்தால் ஒரே சுருதியில் ஊளையிடும். அதனால் அளவை வேண்டுமென்றே மாற்றி மாற்றி வைக்கிறார்கள். மின்சார காரில் எஞ்சினே இல்லாததால் டயர் இன்னும் அம்பலப்பட்டுப் போகிறது. சில டயர்களுக்கு உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டி வருகிறது. 2025 ஆகஸ்டில் நம் ஊர் சிப்காட்டில் திறந்த வின்ஃபாஸ்ட் ஆலையிலிருந்து வருகிற விஎஃப் 6-ம் விஎஃப் 7-ம் அந்த வகைக் கார்கள்தான். நம் பேஸ்மென்டிலும் மின்சாரக் கார்கள் வரும்போது இந்தப் பேச்சு தானாகச் சூடு பிடிக்கும்.

சட்டமும் திரும்பிப் பார்த்திருக்கிறது. ஐரோப்பாவில் 2012 முதல் ஒவ்வொரு கார் டயரிலும் உருளும் சத்தம் எத்தனை டெசிபல் என்று லேபிள் ஒட்ட வேண்டும். நம் மத்திய அரசும் 2022-ல் வெளியிட்ட அறிவிக்கை மூலம் ஏ.ஐ.எஸ்.-142 தரத்தைக் கொண்டுவந்தது. அதில் பார்க்கப்படுபவை மூன்று: உருளும்போது ஏற்படும் இழுவை, ஈரத் தரையில் பிடிப்பு, உருளும் சத்தம். இழுவையும் சத்தமும் தாம்சன் 1845-ல் எழுதியவை. ஒன்றைக் கவனியுங்கள். லேபிளில் இருப்பது ரோட்டோரம் அளந்த வெளிச் சத்தம், காருக்குள் கேட்பது அல்ல. காருக்குள் இருப்பவருக்கு அது ஒரு குறிப்பு மட்டுமே. ஆனால் பைபாஸ் பார்த்த பால்கனிக்காரர்களுக்கு அந்த எண்தான் முக்கியம். மூன்று டெசிபல் குறைந்தால் ஒலி ஆற்றல் பாதியாகிறது.

கடைசியில் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கம்பெனி கொடுத்த அளவையே, 215/60 ஆர் 16, வைத்துக்கொண்டேன். பெரிய வீல் போட்டால் வண்டி அழகாகத் தெரியும், ஆனால் பக்கச் சுவர் ஒல்லியாகி ஒவ்வொரு குழியும் முதுகில் ஏறும். ஏ.டி. என்று எழுதிய முரட்டுப் பட்டன் வகையை ஒதுக்கினேன்; உப்பளப் பாதையில் தினமும் போகிறவருக்கு அது சரி, மதுரை ரோட்டுக்கு வேண்டாம். சொகுசுக்கென்றே செய்த நெடுஞ்சாலை வகையில் ஒன்றை வாங்கினேன். பழைய செட்டைவிட விலை கூடுதல், கடைக்காரர் சொன்ன கிலோமீட்டரும் குறைவு. அது தெரிந்தேதான் வாங்கினேன். மாட்டி முடித்ததும் கடைப் பையன் நாற்பது பி.எஸ்.ஐ. காற்று அடித்திருந்தான். கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் முப்பத்து மூன்று என்றிருக்கிறது. அதற்கு இறக்கியதிலேயே வண்டி பாதி சாந்தமாகிவிட்டது. முரட்டு டயரைக் கழற்றுமுன் இதைச் செய்து பார்த்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த மதுரைப் பயணத்தில் அம்மா அருப்புக்கோட்டை வரை மெஷினைக் கழற்றவில்லை. அதற்குப் பிறகு தூங்கிவிட்டார். ஆனால் அதற்குள் என் அத்தை கல்யாணத்தில் நடந்த ஒரு சண்டையை முழுதாகச் சொல்லி முடித்திருந்தார். எனக்கு அதுவரை தெரியாத கதை.

பழைய நான்கு டயர்களும் வீணாகவில்லை. தெரிந்த படகுக்காரர் ஒருவர் வந்து எடுத்துப் போனார்; ஜெட்டியில் இடிபடாமல் இருக்கப் படகின் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுவாராம்.

உங்கள் டயருக்கு எத்தனை வயது என்று பார்ப்பது எளிது. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 1425 என்றால் 2025-ம் ஆண்டின் பதினான்காவது வாரத்தில் செய்தது. நம் ஊர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் இறுகும், இறுகினால் சத்தம் கூடும். புதிது வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்துவிட்டே மாட்டச் சொல்லுங்கள். எண் கண்ணில் படவில்லை என்றால் அது உட்பக்கம் திரும்பியிருக்கும். குனிந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். முதுகு வலி உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பேஸ்மென்டில் என்னைக் கூப்பிடுங்கள், நான் குனிகிறேன்.