அடையாறு ஆஸ்பத்திரி பிறந்த கதை

புதுக்கோட்டைப் பக்கம் யாருக்காவது ‘கட்டி’ என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டில் அடுத்து எழும் பேச்சு பெரும்பாலும் ‘அடையாறு போய்ப் பார்த்துடலாமா?’ என்பதுதான். அந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் வேர் புதுக்கோட்டை மண்ணிலேயே இருக்கிறது.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி ஐயர் அங்குள்ள மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் படிக்கும் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி தந்தார். அங்கே படித்து முடித்து, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் டாக்டரானார்.

1920களின் தொடக்கத்தில் அவர் வீட்டையே நோய் தாக்கியது. தங்கை சுந்தராம்பாளுக்கு வந்ததைச் சீதபேதி என்று நினைத்து மருத்துவம் பார்த்தார்கள். உண்மையில் அது மலக்குடல் புற்று. தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. நோய் இன்னதென்று சரியாகக் கண்டுபிடிக்காததால் ஓர் உயிர் போன அந்தத் துயரத்திலிருந்துதான், புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது.

எண்ணம் கட்டடமாக முப்பது ஆண்டுகள் ஆயின. மேற்படிப்புக்காக லண்டன் போனவர், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை இயங்குவதை அங்கே கண்டார். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அந்தக் கோரிக்கையை வெளிப்படையாக வைத்தார். 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் நிதி திரட்டத் தொடங்கினார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும்வரை அதையே தன் வாழ்வாக்கிக்கொண்டார்.

எந்தப் புற்று என்று துல்லியமாகச் சொல்லத் தனி மருத்துவமனையும் தனிப் பயிற்சியும் எதற்கு? மூளையிலேயே தோன்றும் சார்க்கோமாவை எடுத்துக்கொண்டால் பதில் புரியும். தசை, எலும்பு, கொழுப்பு, ரத்தக்குழாய்ச் சுவர் போன்ற தாங்குதிசுக்களில் எழும் புற்றுதான் சார்க்கோமா. அது மூளையில் தொடங்குவது மிக அரிது. மூளையைப் போர்த்திய சவ்விலோ, ரத்தக்குழாயை ஒட்டிய திசுவிலோ தோன்றுகிறது. சிறுவர், பெரியவர் என்று யாருக்கும் வரலாம்.

நோயாளி சொல்வதைக் கேட்டால் மற்ற மூளைக் கட்டிகளின் கதையேதான்: காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி. ஸ்கேனிலும் அது பெரும்பாலும் தீங்கற்றதான மெனிஞ்சியோமா கட்டியைப் போலத் தோற்றம் காட்டி ஏமாற்றலாம். வித்தியாசம் சதைப் பரிசோதனையில்தான் வெளிப்படும்.

அறுவை அறையிலிருந்து வரும் துண்டு ஃபார்மலினில் ஊறி, மெழுகுக் கட்டியில் பதிந்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவப்படுகிறது. சாயம் ஏறியதும் உட்கருக்கள் ஊதாவாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். பல சார்க்கோமாக்களில் நெசவுத்தறியின் நாடாவைப் போல இருமுனையும் கூரான செல்கள் நெருங்கி நிற்கும், உட்கருக்கள் ஒழுங்கற்றிருக்கும், பிளவுபடும் செல்கள் நிறையக் கிடைக்கும். வெள்ளி உப்புச் சாயம் போட்டால் செல்களுக்கு இடையே கருநிற நாரிழைகள் வலைபோல் ஓடுவது தெரியும். மூளையின் சொந்தத் தாங்குசெல்களில் பிறக்கும் கிளையோமாவில் காணும் ஜி.எஃப்.ஏ.பி. புரதம் இங்கே இருக்காது. சில கட்டிகளில் டைசர்1 என்ற மரபணுவில் பிழை இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வகைப்பாட்டில் அவை தனி இனமாகவே இடம்பெற்றுள்ளன. உடலின் வேறிடத்திலிருந்து பரவி வந்ததல்ல என்றும் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

இவ்வளவு பாடும் வீணல்ல. மெனிஞ்சியோமா பலருக்கு அறுவையோடு முடிந்துவிடும். சார்க்கோமாவுக்குப் பெரும்பாலும் கதிர்வீச்சும் பலருக்கு மருந்தும் சேர வேண்டும். கிளையோமாவுக்குத் தரும் மருந்துகளும் வேறு.

புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வசதி பக்கத்தில் வந்துவிட்டாலும் ‘கட்டியில் கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற பயம் இன்னும் போகவில்லை. அந்தப் பயத்தில் தள்ளிப்போடும் மாதங்களில்தான் நோய் முற்றுகிறது. உடலில் எந்தக் கட்டியை எடுத்தாலும் அது பரிசோதனைக்குப் போயிற்றா என்று கேளுங்கள். அறிக்கையைக் கையில் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் அந்த மெழுகுக் கட்டியை வாங்கிப் பெரிய மருத்துவமனையில் இன்னொருவரிடமும் காட்டுங்கள். சுந்தராம்பாளுக்குக் காலத்தில் கிடைக்காத அந்தத் தெளிவான பதிலைக் கேட்டு வாங்கும் உரிமை இன்று ஒவ்வொரு நோயாளிக்கும் உண்டு.