ஈரலின் காவலும் மதுவின் பகையும்

மிகுதியாக மது அருந்துவோரின் ஈரல் கெடும் என்பது மருத்துவர் நெடுங்காலமாக அறிந்த உண்மை. ஆனால், அதனைக் கெடுப்பது மதுவா, குடிப்பவனின் பட்டினியா என்ற வினா இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் தீர்ந்தபாடில்லை.

இன்சுலினைக் கண்டறிந்தோருள் ஒருவரான கனடா நாட்டுச் சாள்ஸ் பெஸ்ற், 1949 ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் ஓர் ஆய்வை வெளியிட்டார். எலிகள் சிலவற்றுக்கு மதுசாரமும், வேறு சிலவற்றுக்கு அதற்கு ஈடான சீனியும் கொடுக்கப்பட்டன. இரு சாராரின் ஈரலும் கேடுற்றது. கோலின் என்னும் போசணைப் பொருள் அக்கேட்டைத் தடுத்தது. ஆகவே உணவுக் குறைவே குற்றவாளி எனக் கருதப்பட்டது. வயிறார உண்பவன் அஞ்சாது குடிக்கலாம் என்ற ஆறுதலுக்கும் அது இடமளித்தது.

அவ்வாறுதல் நிலைக்கவில்லை. நியூயோர்க் நகரில் சாள்ஸ் லீபர், 1960களில், நிறைவான உணவோடு மதுசாரம் கொடுத்தபோதும் ஈரலிற் கொழுப்புப் படிவதைக் காட்டினார். 1974 இல், நன்கு ஊட்டப்பட்ட பபூன் குரங்குகளிடத்தும் ஈரல் இறுகும் நோய் தோன்றியமை வெளியாயிற்று.

மது எவ்வாறு கேடு செய்கிறது? ஈரலுக்கு இயற்கை அளித்த காவற்பொருள் ஒன்று உண்டு. கேம்பிறிட்ஜ் அறிஞர் ஹொப்கின்ஸ் 1921 இல் பிரித்தெடுத்துக் குளுதாதயோன் எனப் பெயரிட்டது அதுவே. கலங்களைத் தாக்கும் ஒட்சிசன் விளைபொருள்களை அது தணிக்கின்றது. மதுசாரத்தை எரிக்க ஈரலில் இரண்டாவது வழியொன்றும் உண்டென லீபரும் டிகார்லியும் 1968 இல் அறிவித்தனர். நாள்தோறும் குடிப்போரிடம் அவ்வழி வலுப்பெறுகின்றது, அவ்விளைபொருள்களும் பெருகுகின்றன. பின்வந்த ஆய்வுகள், கலத்தின் சக்திநிலையமான இழைமணிக்குள் குளுதாதயோன் புகுவதையும் மது தடுக்கிறதெனக் காட்டின. பகைவரைப் பெருக்கிய கையே காவலரையும் வாயிலில் மறித்துவிடுகிறது.

அவ்வாறாயின், இழந்த காவலை மருந்தால் ஈடுசெய்யலாகாதா? பிரான்சில் கடும் ஈரலழற்சியுற்ற 174 நோயாளரிடம் அது சோதிக்கப்பட்டது. குளுதாதயோனை ஆக்க உதவும் மருந்து வழக்கமான சிகிச்சையோடு சேர்க்கப்பட்டபோது, முதல் மாதத்தில் இறப்புக் குறைந்தது. ஆறு மாத முடிவில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை என 2011 இல் அறிவிக்கப்பட்டது.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. கொழுப்புப் படிந்த நிலையிலேயே குடியை விட்டவரின் ஈரல், பெரும்பாலும் சில வாரங்களிற் சீர்பெறுகின்றது. நல்லுணவு மதுவுக்கு மாற்றாகாது. மருந்தும் முழுக் காவலாகாது. குடியை விடுதலே ஈரலுக்குச் செய்யும் முதற் சிகிச்சை.