இராவணன் கோட்டைக் கலங்கரை விளக்கம்

இலங்கையில் பெரியநீலாவணைக்குத் தெற்கே வெகுதொலைவில், கிரிந்தைக்கு அப்பால் கடலில் இராவணன் கோட்டைப் பாறைகள் உள்ளன. ஆங்கிலத்தில் அவற்றின் பெயர் கிரேட் பாசஸ். முகலாய வெள்ளி நாணயங்களோடு அங்கே மூழ்கிய கப்பலொன்று 1961இல் கண்டுபிடிக்கப்பட்டது. கப்பல்களுக்கு ஆபத்தான அப்பாறைகளில் கலங்கரை விளக்கம் அமைக்க முதலில் திட்டமிட்ட இரும்புக் கோபுரம் பெரும்பணத்தை விழுங்கிக் கைவிடப்பட்டது. பின்னர் பொறியியலாளர் ஜேம்ஸ் டக்ளஸ் கற்கோபுரம் வரைந்தார். அவரது தம்பி வில்லியம் கட்டினார். ஸ்கொட்லாந்தில் செதுக்கிய கருங்கற்கள் கப்பலில் வந்தன. ஒவ்வொரு கல்லும் அடுத்ததோடு கொளுவிப் பூட்டப்பட்டதால், தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகளுக்கு அசையவில்லை. கொந்தளிக்கும் கடலின் பாறைமீது கல்லடுக்கிய அக்கால உழைப்பு வியப்புக்குரியது. 37 மீற்றர் உயரமுள்ள அக்கோபுரத்தில் 1873 மார்ச்சில் விளக்கேற்றப்பட்டது. இலங்கைத் தபால் திணைக்களம் 1996இல் வெளியிட்ட கலங்கரை விளக்க முத்திரைகளில் இதுவும் ஒன்று. 2004 சுனாமிக்குப் பின்னும் கோபுரம் நிற்கிறது.