ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டனை: இந்தியச் சட்டத்தின் தடை

ஒரு குற்றத்துக்காக விசாரித்துத் தீர்ப்பளிக்கப்பட்டவரை அதே குற்றத்துக்காக மறுபடியும் கூண்டில் ஏற்றக் கூடாது என்னும் நெறி, இந்தியாவுக்கு ஆங்கிலேயர் காலச் சட்டங்களின் வழியே வந்தது. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவு, தண்டனை பெற்றவர், விடுதலையானவர் இருவருக்குமே இந்தப் பாதுகாப்பைத் தந்தது. அதுவே 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 300-ஆம் பிரிவானது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 337-ஆம் பிரிவு.

அரசியலமைப்புச் சட்டம் அவ்வளவு தாராளம் காட்டவில்லை. ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கக் கூடாது என்றுதான் வரைவு சொன்னது. அரசியல் நிர்ணய சபை அதில் வழக்குத் தொடரப்படுவதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தது. ஆகவே 20(2)-ஆம் உறுப்பின்படி வழக்கும் நடந்திருக்க வேண்டும், தண்டனையும் கிடைத்திருக்க வேண்டும். விடுதலையானவருக்கு நடைமுறைச் சட்டம்தான் துணை.

இந்தக் குறுகலை முதலில் உணர்ந்தவர் மக்பூல் உசேன். 1949 நவம்பரில் ஜெட்டாவிலிருந்து பம்பாய் சாந்தாக்ரூஸ் விமான நிலையத்தில் வந்திறங்கிய அவரிடம் 107.2 தோலா தங்கம் சிக்கியது. பவுன் கணக்கில் 150-க்கும் மேல். சுங்கத் துறை அதைப் பறிமுதல் செய்து, 12,000 ரூபாய் கட்டினால் மீட்டுக்கொள்ளலாம் என்றது. யாரும் கட்டவில்லை. அடுத்த ஆண்டே அந்நியச் செலாவணிச் சட்டத்தின்கீழ் வழக்கு வந்தது. தங்கம் போனதே தண்டனைதானே என்பது அவர் வாதம். சுங்க அதிகாரி நீதிமன்றம் அல்ல என்று 1953-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. துறைரீதியான விசாரணையில் பதவி இழந்த அரசு அதிகாரி மீது குற்ற வழக்கும் தொடரலாம் என்று 1954-இல் வெங்கடராமன் வழக்கில் தீர்ப்பானது. தண்டனை அனுபவிப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிய ஆறுதல் அல்ல.

விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்வதற்கும் தடை இல்லை. அது முதல் வழக்கின் தொடர்ச்சியாகவே கருதப்படுகிறது. மேல்முறையீட்டில் மறுவிசாரணைக்கும் உத்தரவிடலாம், ஆனால் அது அரிது. 2002-இல் வதோதராவில் 14 பேர் கொல்லப்பட்ட பெஸ்ட் பேக்கரி வழக்கில், சாட்சிகள் பிறழ்ந்ததால் 21 பேரும் 2003-இல் விடுதலையாயினர். முதல் விசாரணை விசாரணையாகவே நடக்கவில்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம், 2004 ஏப்ரலில் வழக்கை மகாராஷ்டிரத்துக்கு மாற்றி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2006-இல் மும்பை நீதிமன்றம் 9 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர்களில் ஐவரை உயர் நீதிமன்றம் 2012-இல் விடுதலை செய்தது.