ஜன்னலைப் பார்த்தபடி டைப் அடித்தவர்

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திப் பிழைத்தவன் நான். இருந்தாலும் சொல்கிறேன்: கீபோர்டைப் பார்க்காமல் அடிக்கும் வித்தையைப் பந்தயம் கட்டி உலகத்துக்குக் காட்டியவர் தானாகக் கற்றவர்தான்.

ஃபிராங்க் மெக்கரின், அமெரிக்காவில் கிராண்ட் ரேப்பிட்ஸ் ஊரில் ஒரு வக்கீல் குமாஸ்தா. ‘இன்னொரு ஆபீசில் ஒரு பெண் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டே டைப் அடிக்கிறாள்’ என்று வக்கீல் சீண்டிவிட, மெக்கரினுக்கு ரோஷம் வந்துவிட்டது. விடாமல் உட்கார்ந்து பழகிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு அப்படி அடிக்கவே தெரியாது என்பது பிறகுதான் தெரிந்ததாம். கதையில் நிஜம் எவ்வளவோ, எனக்குப் பிடித்த கதை.

1888 ஜூலை 25, சின்சினாட்டி நகரம், 500 டாலர் பந்தயம். எதிரே லூயி டிராப், அந்த ஊரில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். அவருடைய காலிகிராஃப் மெஷினில் பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் தனித்தனிக் கட்டை. மெக்கரினுடையது ஷிஃப்ட் வைத்த ரெமிங்டன். சொல்லச் சொல்ல அடிப்பது முக்கால் மணி நேரம், பிரதி எடுப்பது முக்கால் மணி நேரம். முதல் சுற்றில் மெக்கரின் நிமிஷத்துக்குச் சுமார் 95 சொல், டிராப் 83. பிரதி எடுக்கையில் மெக்கரின் 98க்கு ஏறினார், டிராப் 71க்கு இறங்கினார். தாளுக்கும் கட்டைக்கும் தலை போய்ப் போய் வந்ததில் கரைந்த வேகம் அது. புதுப் பிள்ளைகள் சேர்ந்ததும் இந்த நாலு எண்களைத்தான் போர்டில் எழுதுவேன்.

வாத்தியாரே தோற்ற பிறகு, பார்க்காமல் அடிப்பதே பள்ளிகளின் பாடமாக நிலைத்தது. நம் ஊர் மாடிப்படி இன்ஸ்டிட்யூட் வரை அதுதான் வந்தது: இங்கிலீஷில் ‘ஏ எஸ் டி எஃப்’, தமிழில் ‘யளனகபக’. அரசுத் தேர்வில் இங்கிலீஷ் லோயருக்கு நிமிஷத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. மெக்கரின் வேகத்தில் பாதிகூட இல்லை.

“வீட்டுலயே பழகிக்கிறேன்னு சொல்றான் சார்” என்று வரும் பெற்றோரிடம், ரோஷம் இருந்தால் பழகட்டும் என்பேன். ஆனால் அப்படிப் பழகியவர்களில் பலர் இரண்டு விரலாலேயே முப்பதைத் தொட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடுவார்கள். அதற்குமேல் ஏற, பழகிய கை முதலில் மறக்க வேண்டும். புதிதாகக் கற்பதைவிட அது பெரும்பாடு. நான் வாங்கிய ஃபீஸில் பாதி, பக்கத்தில் நின்று “கீழே பாக்காதே” என்று அதட்டியதற்கான கூலி.

சர்டிஃபிகேட் வேறு சங்கதி. குரூப் 4இல் டைப்பிஸ்ட் வேலைக்கு அதைக் கேட்பார்கள். மெக்கரினே நேரில் வந்து நின்றாலும், “லோயர், ஹையர் முடிச்சிருக்கீங்களா?” என்றுதான் முதல் கேள்வி.