கிளாத்ரின்

கிளாத்ரின் என்பது செல்லின் வெளிச்சவ்வு உள்நோக்கிக் குழிந்து, வெளியே உள்ள பொருளைச் சிறு பையாகப் பொதிந்து உள்ளே எடுக்கும்போது, அந்தக் குழியைச் செல்லின் உட்பக்கத்திலிருந்து கூடை போலப் பின்னிக்கொள்ளும் புரதம். ஈஸ்ட், செடி, பூச்சி, மனிதர் என உட்கரு உள்ள உயிர்களிடம் பரவலாகக் காணப்படுகிறது, பாக்டீரியாவிடம் இல்லை. இதற்குப் பெயர் கிடைத்தது 1976-இல். அதன் தடயத்தைக் கண்ணால் பார்த்ததோ அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கொசுவின் முட்டையில்.

செல் விழுங்கும் என்பது அதற்கும் பழைய செய்தி. விலங்கியலாளர் மெட்ச்னிகாஃப் 1882-இல் சிசிலியின் மெசினா நகரில் நட்சத்திரமீன் இளவுயிரிக்குள் முள்ளைக் குத்தி, நகரும் செல்கள் அதைச் சூழ்வதைப் பார்த்தார். வாரன் லூயிஸ் 1931-இல் செல்கள் சுற்றியுள்ள நீர்மத்தை மடக்கு மடக்காகக் குடிப்பதைப் பதிவு செய்தார். இந்த உள்ளெடுப்பு முழுவதற்கும் ‘எண்டோசைட்டோசிஸ்’ என்ற பொதுப்பெயரை 1963-இல் தந்தவர் கிறிஸ்டியன் டி டூவ். ஆனால் குடிப்பது என்றால் வருவதெல்லாம் வாய்க்குள் போகும். ரத்தத்தில் மிதக்கும் ஆயிரக்கணக்கான பொருள்களில் தனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் செல் எப்படிப் பொறுக்கி எடுக்கிறது என்ற கேள்விக்கு அந்தச் சொல்லில் விடை இல்லை.

விடையின் முதல் தடயம் ஏடிஸ் எஜிப்தியிடம் கிடைத்தது. டெங்குவைப் பரப்பும் அதே கொசுதான். பெண் கொசு ரத்தம் குடித்ததும், கருமுட்டை மஞ்சட்கருப் புரதத்தை அவசர அவசரமாக உள்ளே எடுத்துச் சேமிக்கும். 1964-இல் தாமஸ் ராத், கீத் போர்ட்டர் இருவரும் அந்த முட்டைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். சவ்வில் சுமார் 140 நானோமீட்டர் அகலக் குழிகள்; ஒவ்வொன்றிலும் செல்லின் உட்பக்கம் நோக்கித் தூரிகை மயிர் போன்ற பூச்சு. ரத்தம் குடித்த 7 மணி நேரத்துக்குள் குழிகளின் எண்ணிக்கை 15 மடங்கு பெருகி, முட்டை ஒன்றுக்கு 3 லட்சத்தை எட்டியது. குழி கிள்ளப்பட்டு நுண்பை ஆகிறது, பை தன் பூச்சை உதிர்க்கிறது, பிறகு மற்றப் பைகளோடு கலந்து மஞ்சட்கரு உருண்டை ஆகிறது என்று அசையாத படங்களை வரிசைப்படுத்தியே அவர்கள் ஊகித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அந்த வரிசையைப் பெரும்பாலும் மாற்றவே இல்லை என்பது வியப்புக்குரியது.

தூரிகை மயிர் உண்மையில் மயிரல்ல என்று காட்டியவர்கள் ஜப்பானியரான கனசேகியும் கடோடாவும். கினிப் பன்றியின் மூளையிலிருந்து இந்தப் பைகளைப் பிரித்தெடுத்து, 1969-இல் ‘கூடைக்குள் பை’ என்று வருணித்தார்கள். கூடையின் கண்கள் அறுகோணங்களும் ஐங்கோணங்களும் ஆனவை. அறுகோணங்களை மட்டும் அடுக்கினால் தேனடை போலத் தட்டையாகவே பரவும். வளைவு தருவது ஐங்கோணம். கால்பந்து மாதிரி இந்த இரு வடிவங்களால் மூடிய கூடு எதுவானாலும், முனைக்கு மூன்று விளிம்பு கூடும்போது, அதில் சரியாக 12 ஐங்கோணங்கள் இருந்தே தீரும் என்பது கணிதவியலாளர் ஆய்லரின் கணக்கு. கூடை பெரிதானால் கூடுவது அறுகோணங்கள்தாம்.

கூடை எதனால் ஆனது? கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பார்பரா பியர்ஸ் பன்றி மூளையிலிருந்து பூச்சுள்ள பைகளைத் தூய்மையாகப் பிரித்தார். நரம்பு முனைகள் ஓயாமல் பைகளை வெளிவிட்டுத் திரும்ப எடுப்பவை. ஆகவே மூளையில் இவை மிகுதி. பூச்சின் பெரும்பகுதி சுமார் 1,80,000 டால்டன் எடையுள்ள ஒரே புரதம் என்று தெரிந்தது. கிராதி போன்றது எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து கிளாத்ரின் என்று பெயரிட்டார். 1981-இல் உங்கேவிக்கெல், பிராண்டன் இருவரும் கூடையைக் கலைத்து அதன் அடிப்படை அலகைப் படம் பிடித்தார்கள்: நடுவில் சேர்ந்து, மூன்று கால்களும் ஒரே போக்கில் மடங்கிய முக்காலி. ஒவ்வொரு காலும் ஒரு கனத்த சங்கிலி. அதனோடு ஒட்டிய ஒரு மெல்லிய சங்கிலி. முக்காலிகளின் கால்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துதான் கிராதியின் கம்பி உருவாகிறது. பிரம்பு முடைபவர் கைக்கு வேலை இருக்கிறது. இங்கே தகுந்த கரைசலில் விட்டால் கூடை தானே முடைந்துகொள்ளும்.

ஆனால் பொறுக்கி எடுக்கும் வேலை கிளாத்ரினுடையதல்ல. இது டல்லாஸில் வெளிப்பட்டது. மைக்கேல் பிரௌன், ஜோசஃப் கோல்ட்ஸ்டைன் இருவரும் பரம்பரைக் கொழுப்பு நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கொலஸ்ட்ரால் சுமந்து வரும் எல்டிஎல் துகளைப் பிடிக்கும் ஏற்பிகளில் பாதிக்கு மேற்பட்டவை, செல் பரப்பில் 2 சதவீதம் மட்டுமே உள்ள பூச்சுக் குழிகளில் குவிந்திருப்பதை ரிச்சர்ட் ஆண்டர்சனோடு சேர்ந்து 1970-களின் பிற்பாதியில் காட்டினார்கள். ஒரு நோயாளியின் ஏற்பிகளோ எல்டிஎல்லை ஒழுங்காகப் பிடித்தன, குழிக்கு மட்டும் வரவில்லை. 1986-இல் காரணம் தெரிந்தது: ஏற்பியின் உள்வாலில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய 807-ஆம் இடத்தில் சிஸ்டைன். ஓர் எழுத்துப் பிழையால் கதவு திறக்கவில்லை. 1985-இல் இருவரும் கொலஸ்ட்ரால் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றிருந்தார்கள். என் பார்வையில் கிளாத்ரின் வரலாற்றின் திருப்புமுனையும் இந்த ஆய்வுதான்.

அந்த வாலைப் படிப்பவை இணைப்பான் புரதங்கள். தரகர் போல ஒரு கையால் ஏற்பியையும் மறு கையால் கிளாத்ரினையும் பிடிப்பவை. ஏபி-2 இவற்றில் பெயர் பெற்றது. எல்டிஎல் ஏற்பிக்குத் தனித் தரகரும் உண்டு: 2001-இல் அடையாளம் காணப்பட்ட ஏஆர்எச். சார்டினியா, லெபனான் குடும்பங்கள் சிலவற்றில் ஏற்பி நன்றாக இருந்தும் கொலஸ்ட்ரால் ஏறியது. பழுது இந்தத் தரகரிடம் இருந்தது.

குழியின் கழுத்தை அறுக்கும் புரதம் வந்த வழி இன்னும் விசித்திரம். 1970-களில் ஆராயப்பட்ட ஒரு பழ ஈ வகை, வெப்பம் 29 டிகிரியை எட்டினால் அசைவற்று விழும், குளிர்ந்தால் எழுந்துவிடும். அதற்கு ‘ஷிபிரே’ என்று பெயர். ஜப்பானிய மொழியில் மரத்துப்போதல். அதன் நரம்பு முனைகளில் குழிகள் கழுத்தோடு தொங்கி நின்றன, பை பிரியவில்லை. டைனமின் என்ற புரதத்தை 1989-இல் வேறு ஆய்வில், நுண்குழல்களோடு ஒட்டுவதாகப் பிரித்தெடுத்திருந்தார்கள். ஷிபிரே மரபணு தருவது அதே டைனமின்தான் என்று 1991-இல் தெரிந்தபோது இரு கதைகளும் ஒன்றாயின. கழுத்தைச் சுற்றி வளையமாகச் சுருண்டு, ஜிடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து அது பையைத் துண்டிக்கிறது. பிரிந்த பையின் கூடையைக் கழற்றுவது எச்எஸ்சி-70 என்ற புரதம். அதற்கு ஏடிபி என்ற இன்னோர் ஆற்றல் மூலக்கூறு வேண்டும். கூடை தானே முடையும், தானே அவிழாது.

இந்த வாசலை வைரஸ்களும் அறியும். செம்லிகி வன வைரஸ் பூச்சுக் குழி வழியாக நுழைவதை ஹெலெனியஸ் குழுவினர் 1980-இல் காட்டினார்கள். இன்ஃப்ளுயென்சாவும் இதைப் பயன்படுத்துகிறது, ஆனால் இது ஒன்றையே நம்பியில்லை.

அப்படி நம்பவும் தேவையில்லை. செல்லுக்கு வேறு வாசல்களும் உண்டு. பாலேட் 1953-இல் கண்ட கேவியோலே குழிகளின் பூச்சு கேவியோலின் என்ற வேறு புரதம். ஈஸ்டின் கிளாத்ரின் மரபணுவை 1985-இல் பெய்னும் ஷெக்மனும் நீக்கியபோது செல்கள் மெதுவாகவேனும் வளர்ந்தன; வேறு ஈஸ்ட் வகைகளில் அதே நீக்கம் சாவில் முடிந்தது. தீராத வழக்கு ஒன்றும் இருக்கிறது. ஜான் ஹ்யூசர் 1980-இல் உறையவைத்துச் செதுக்கிய செல்களில் தட்டையான கிராதிகளைக் கண்டார். கிராதி முதலில் தட்டையாகப் பரவிப் பிறகு வளைகிறதா, தொடக்கத்திலிருந்தே வளைந்து வளர்கிறதா? தட்டையிலிருந்து வளைய, பின்னிய அறுகோணங்கள் சிலவற்றைப் பிரித்து ஐங்கோணமாக்க வேண்டும், அது எளிதல்ல. இரு வழிகளும் நடக்கின்றன என்ற சான்றுகள் இப்போது குவிகின்றன.

செல் பிளவுபடும்போது இந்தப் புரதம் கூடை முடைவதோடு நிற்பதில்லை. குரோமோசோம்களை இழுக்கும் கதிர்க்கோல் இழைகளில் கிளாத்ரின் ஒட்டிக்கொண்டு அவற்றை நிலைப்படுத்துகிறது என்று 2005-இல் ராய்லும் சகாக்களும் காட்டினார்கள். அங்கே சவ்வும் இல்லை, பையும் இல்லை. மூன்று கால்கள் மட்டுமே பயன்படுகின்றன.