கல்விக் கொள்கையும் ஆய்வுச் சுதந்திரமும்: இலண்டன் விசாரணை அலுவலகம், 1895 – 1903

கல்விக் கொள்கை வகுக்கும் நிறுவனங்களில் பட்டப்பின் மாணவர் சில காலம் பணியாற்றி ஆய்வுப் பயிற்சி பெறும் வழக்கம் இன்று பல நாடுகளில் நிலவுகின்றது. தரவு திரட்டலும் அறிக்கை எழுதலும் அங்கே பயிலப்படுகின்றன. ஆயின், ஆய்வுக்குரிய வினாவை எவர் தீர்மானிப்பது, கண்ட முடிவு எவருக்கு உரியது என்பன அத்துணை எளிதிற் கற்பிக்கப்படுவன அல்ல. கல்வியாய்வுக்கென அரசு அமைத்த தொடக்ககால நிறுவனங்களுள் ஒன்றான இலண்டன் ‘சிறப்பு விசாரணைகள், அறிக்கைகள் அலுவலகத்தின்’ வரலாறு இவ்வினாக்களைத் தெளிவுற எழுப்புகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கல்வி நிருவாகம் சீர்குலைந்திருந்தது. 1870 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தோன்றிய பாடசாலைச் சபைகள் தொடக்கக் கல்வியைக் கவனித்தன. இடைநிலைக் கல்விக்குப் பொறுப்பான பொது அதிகாரம் எதுவும் இருக்கவில்லை. செருமனி முதலிய நாடுகளின் கைத்தொழில் வளர்ச்சியும் அதற்குத் துணைநின்ற கல்வியும் பிரித்தானியரைச் சிந்திக்க வைத்தன. பிறநாட்டு அனுபவங்களை முறையாக அறிதல் வேண்டும் என்ற தேவை உணரப்பட்டபோது, ஆதர் அக்லன்ட் என்பாரின் முயற்சியால் 1895 இல் இவ்வலுவலகம் அமைக்கப்பட்டது.

மைக்கல் சட்லர் அதன் பணிப்பாளரானார். றொபேட் மொறன்ற் அவருக்கு உதவியாளரானார். இருவரும் ஒக்ஸ்பேட் பட்டதாரிகள். இருவரும் அப்போது நாற்பது வயதை எட்டாதவர். சட்லர் பல்கலைக்கழக விரிவுரைகளைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்லும் இயக்கத்தில் உழைத்தவர். மொறன்ற் சியாம் அரச குடும்பத்தில் ஆசிரியராக இருந்து மீண்டவர். 1897 முதல் இவ்வலுவலகம் பெருந்தொகுதிகளாக அறிக்கைகளை வெளியிட்டது. 1901 இல் வந்த தொகுதியொன்றில் இலங்கையின் கல்விமுறையும் ஆராயப்பட்டமை நமக்குக் குறிப்பிடத்தக்கது.

1898 இல் மொறன்ற் சுவிற்சர்லாந்தின் கல்வியமைப்புப் பற்றி விரிவானதோர் அறிக்கை எழுதினார். அதனிடையே, இங்கிலாந்தின் பாடசாலைச் சபைகள் தொடக்கக் கல்விக்கு மேற்பட்ட கல்விக்கு உள்ளூர் வரிப்பணத்தைச் செலவிடச் சட்டம் இடமளிக்கவில்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். சபைகளின் எதிர்ப்பாளருக்கு இக்குறிப்பு வலிமையான படைக்கலமாயிற்று. 1899 இல் கொக்கேட்டன் என்னும் கணக்காய்வாளர் இலண்டன் பாடசாலைச் சபையின் அத்தகைய செலவுகளை ஏற்க மறுத்தார். 1900, 1901 ஆம் ஆண்டுகளில் நீதிமன்றங்களும் அவர் முடிவை உறுதிசெய்தன. தொழிலாளர் பிள்ளைகளுக்கு மேற்கல்வி அளித்துவந்த உயர்தரப் பாடசாலைகளும் மாலை வகுப்புகளும் இதனாற் சட்ட ஆதாரம் இழந்தன. 1902 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாடசாலைச் சபைகளை ஒழித்து, உள்ளூராட்சி மன்றங்களிடம் தொடக்கக் கல்வியையும் இடைநிலைக் கல்வியையும் ஒப்படைத்தது. அச்சட்டத்தை உருவாக்கியதில் மொறன்றுக்குப் பெரும் பங்குண்டு.

மொறன்ற் எழுதியது பொய்யன்று. எனினும், எந்த உண்மையை எந்த வேளையில் முன்வைப்பது என்பதை அவரது கொள்கை நோக்கே தீர்மானித்தது எனலாம். சட்லரின் பாதை வேறு. ஒரு நாட்டின் கல்வியை அதன் சமூக வாழ்விலிருந்து பிரித்தறிய இயலாது. பிறநாட்டுப் பாடசாலை முறையைப் பெயர்த்தெடுத்து நட்டுவிடவும் இயலாது என அவர் 1900 இல் நிகழ்த்திய உரையொன்றில் வலியுறுத்தினார். அத்தகைய ஆய்வுக்குக் காலமும் பொருளும் ஆளணியும் வேண்டும்; முடிவை முன்கூட்டியே விதிக்காத சுதந்திரமும் வேண்டும்.

1903 இல் மொறன்ற் கல்விச் சபையின் நிரந்தரச் செயலாளராக உறுதிசெய்யப்பட்டார். முன்னாள் உதவியாளர் தம் பணிப்பாளருக்கு மேலதிகாரியானார். அலுவலகம் சபையின் உடனடித் தேவைகளுக்கே முதலிடம் அளித்தல் வேண்டும் என்பது மொறன்றின் நிலைப்பாடு. ஆய்வின் சுயாதீனம் அதனாற் கெடும் எனக் கருதிய சட்லர் அவ்வாண்டிலேயே பதவி துறந்தார். இது பற்றிய கடிதங்கள் பாராளுமன்றப் பத்திரமாக வெளியிடப்பட்டன. பின்னர் மன்செஸ்ரரில் பேராசிரியராகவும், லீட்ஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும், 1917 இல் அமைந்த கல்கத்தாப் பல்கலைக்கழக ஆணைக்குழுவின் தலைவராகவும் அவர் பணியாற்றினார்.

மொறன்றின் கட்சியையும் நியாயமற்றது எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. பொதுப்பணத்தில் இயங்கும் ஆய்வு, ஆட்சியின் அவசர வினாக்களுக்கு விடையளிக்க மறுத்தல் ஆகாது. ஆனால் அவ்வினாக்களுக்கு மட்டுமே விடை தேடும் ஆய்வு, ஆட்சி கேட்க விரும்பாதவற்றை ஒருபோதும் சொல்லாது. கேட்கும் உரிமை ஆட்சிக்கு இருக்கலாம். கண்டதைக் குறையாது எழுதும் உரிமை ஆய்வாளனிடமே இருத்தல் வேண்டும். அமைச்சுகளிலும் ஆணைக்குழுக்களிலும் பயிற்சிக்குச் செல்லும் இளம் ஆய்வாளர், புள்ளிவிவர நுட்பத்தோடு இவ்வேறுபாட்டையும் உணர்ந்து செல்லுதல் இன்றியமையாதது. அவர்கள் எழுதும் ஓர் அடிக்குறிப்பும் ஆயிரம் பிள்ளைகளின் வகுப்பறையைத் திறக்கவோ மூடவோ வல்லது.